எஃப்எஸ்சிகே ஓட்டியும் கணினி மறுபடி இனிட்ராம்எஃப்எஸ்-இல் நிற்கிறது: ஃபார்மட் போடலாமா?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்ட வரையில்: ஆறு வருடம் ஓடிய மேசைக் கணினி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், லினக்ஸ் வகையான உபுண்டு 22.04. கரண்ட் போய் வந்த ஒரு நாள், கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ (லினக்ஸ் முழுதாக எழும் முன் நினைவகத்தில் ஏறும் சிறிய தற்காலிக அமைப்பு) என்று காட்டி நின்றுவிட்டது. வீடியோ பார்த்து, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை, எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்னும் ‘ஒய்’ சேர்த்து ஓட்டினீர்கள். சரியாகிவிட்டது. நான்கே நாளில், கரண்ட் போகாமலேயே, மறுபடி அதே திரை. நண்பர் ‘ஃபார்மட் போட்டுப் புதிதாக ஏற்று’ என்கிறார். உள்ளே மகளின் ஆய்வேடும் பத்து வருடப் புகைப்படங்களும் இருக்கின்றன. பேக்கப் இல்லை.

ஃபார்மட் போடாதீர்கள். எஃப்எஸ்சிகே-வையும் இன்னொரு தடவை ஓட்டாதீர்கள். இந்த நிமிடம் கணினியை அணைத்து வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

முதல் தடவை வந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கரண்ட் திடீரென்று போனால் எக்ஸ்ட்4 (உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டம்) தன் ஜர்னலை, அதாவது செய்யவிருக்கும் மாற்றங்களின் குறிப்பேட்டை, வைத்துக்கொண்டு பெரும்பாலும் தானே தேறிவிடும். எப்போதாவது தேறாமல் கையால் சரிசெய்யச் சொல்லும். அது சகஜம். இரண்டாம் தடவை வந்ததுதான் உறுத்துகிறது. கரண்ட் போகவில்லை, யாரும் பொத்தானை அமுக்கி அணைக்கவில்லை, ஆனாலும் ஃபைல் சிஸ்டம் குலைந்திருக்கிறது என்றால், குலைப்பது வேறு ஏதோ ஒன்று.

கடைக் கணக்கை வைத்து யோசித்துப் பாருங்கள். ஃபைல் சிஸ்டம் என்பது கணக்கு நோட்டு. ஹார்ட் டிஸ்க் என்பது கிடங்கு. எஃப்எஸ்சிகே ஒரு கணக்குப்பிள்ளை. நோட்டில் வரவும் செலவும் ஒத்துப்போகவில்லை என்றால் உட்கார்ந்து நேர்செய்து கொடுப்பார். கிடங்கில் கூரை ஒழுகி மூட்டை நனைந்துகொண்டிருந்தால் அவருக்கு அது தெரியாது. நனைந்து அழிந்த வரியையும் ‘இல்லை’ என்று அடித்துவிட்டு, கணக்கு இப்போது சரி என்பார்.

நடைமுறையில் இது இன்னும் மோசம். டிஸ்கின் ஒரு பகுதியைப் படிக்க முடியாதபோது, எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே இரண்டு கேள்வி கேட்கும்: பிழையைப் பொருட்படுத்தாமல் மேலே போகவா, அந்த இடத்தில் வலுக்கட்டாயமாக மறுபடி எழுதவா? நீங்கள் ‘ஒய்’ சேர்த்ததால் இரண்டுக்கும் ஆமாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். அந்த இடம் ஐநோடு அட்டவணையாக, அதாவது ஒவ்வொரு ஃபைலும் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்ற பதிவேடாக இருந்தால்? வழக்கமான அமைப்பில் ஒரு பிளாக் 4096 பைட், ஒரு ஐநோடு 256 பைட். ஆக ஒரே பிளாக்கில் 16 ஃபைல்களின் விலாசம் இருக்கிறது. படிக்க முடியாத அந்த இடத்தில் வெறுமையை எழுதினால் பதினாறும் ஒரே அடியில் அநாதை ஆகிவிடும்.

‘ஆனால் சரியாகிவிட்டதே’ என்பீர்கள். படிக்க முடியாத ஒரு செக்டரில் (டிஸ்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) எழுதும்போதுதான் டிஸ்க் விழித்துக்கொண்டு, அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் உபரியாக வைத்திருக்கும் நல்ல செக்டர் ஒன்றை அதற்குப் பதிலாகத் தருகிறது. எனவே எஃப்எஸ்சிகே முடிந்ததும் எல்லாம் சுத்தமாகத் தெரியும். நான்கு நாளில் பக்கத்துச் செக்டர் போகும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

டிஸ்கில் நாமாக எதையும் எழுதாமல் இதை உறுதிசெய்ய வழி இருக்கிறது. (கட்டளைகளை ஒலிக்கும்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.) அந்தக் கறுப்புத் திரையில் ‘எக்ஸிட்’ என்று அடித்தால் எந்தப் பார்ட்டிஷனில் (டிஸ்கின் பிரிவு) தகராறு என்று பெயரைச் சொல்லும். பிறகு கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளை; எழுத்துகள் டி, எம், இ, எஸ், ஜி. கடைசிப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ/ஓ எரர்’ என்று செக்டர் எண்ணோடு வரிகள் இருந்தால் விஷயம் ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதையொட்டி வளைந்த அடைப்புக்குள் ‘யுஎன்சி’ என்று மூன்றெழுத்து இருந்தால், டிஸ்க் தன் தட்டிலிருந்தே படிக்க முடியவில்லை என்று அர்த்தம். ‘ஐசிஆர்சி’ என்று இருந்தால் டிஸ்க் சரியாகப் படித்தது, வழியில் கெட்டது. அதாவது டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள். நூறு ரூபாய் கேபிளுக்காக டிஸ்கையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு, ஆகவே இந்த வித்தியாசத்தைக் கவனமாகப் பாருங்கள்.

அடுத்தது ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு. அதை இனிட்ராம்எஃப்எஸ் திரையில் பார்க்க முடியாது. வேறொரு கணினியில் லைவ் யுஎஸ்பி (டிஸ்கைத் தொடாமல் கணினியை எழுப்பும் பென்டிரைவ்) ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். உபுண்டுவின் யுஎஸ்பியே போதும். அதில் ‘இன்ஸ்டால்’ வேண்டாம், ‘ட்ரை’ மட்டும். நான் இதற்கென்று வைத்திருப்பது சிஸ்டம்ரெஸ்க்யூ. தேவையான கருவிகள் எல்லாம் முன்கூட்டியே அதில் இருக்கும். எதில் ஏறினாலும், பக்கவாட்டில் தெரியும் உங்கள் டிஸ்கின் படத்தைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். திறந்தால் மவுன்ட் ஆகும் (ஃபைல் சிஸ்டம் பயன்பாட்டுக்கு இணைக்கப்படும்), மவுன்ட் ஆனால் ஜர்னல் ஓடும், ஓடினால் எழுதும். படிக்க மட்டும் என்று சொல்லி மவுன்ட் செய்தாலும் எக்ஸ்ட்4 ஜர்னலை ஓட்டிவிடும் என்பது பலருக்குத் தெரியாது; ‘ஆர்ஓ’ உடன் ‘நோலோட்’ என்ற தெரிவையும் சேர்த்தால்தான் சும்மா இருக்கும்.

ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைக்குச் சிற்றெழுத்து ‘ஏ’ தெரிவும் டிஸ்கின் பெயரும் கொடுத்தால் ஒரு நீளமான அட்டவணை வரும். அதன் தலையில் ‘பாஸ்டு’ என்று இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நோயாளி கடைசி மூச்சு விடும்வரை ‘நன்றாக இருக்கிறார்’ என்று சொல்லும் வார்டு பையன் அது. பார்க்க வேண்டியது இடது ஓரத்தில் 5, 197, 198, 199 என்று எண்ணிட்ட நான்கு வரிகளின் கடைசிக் கட்டம்.

5 என்பது இதுவரை ஒதுக்கப்பட்டு மாற்றப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல், மாற்றவும் படாமல் காத்திருப்பவை. 198 அதன் உடன்பிறப்பு. இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. 5-இல் ஒரு சிறிய எண் மாதக்கணக்கில் அப்படியே நின்றால் வாழலாம். 197-இல் பூஜ்யம் தவிர வேறு எது இருந்தாலும், இன்றைக்கே நகலெடுக்க வேண்டும். நேற்று 8, இன்று 40 என்று ஏறினால் பேச்சே இல்லை. 199 மட்டும் ஏறியிருந்து மற்றவை பூஜ்யம் என்றால் கேபிளை மாற்றுங்கள். அந்த எண் ஒருபோதும் குறையாது, ஆகவே மாற்றிய பிறகு மேலும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. இன்னொன்று: சீகேட் டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். பயப்படாதீர்கள், அவர்கள் அந்தக் கட்டத்தில் எழுதும் முறையே அப்படி.

எண்கள் எல்லாம் பூஜ்யம் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. கூகுள் தன் சர்வர்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் முக்கியமான ஸ்மார்ட் எண்கள் எதுவும் முன்கூட்டி அசையவில்லை. அதே ஆய்வின் மறுபக்கம்: மேற்பரப்புச் சோதனையில் ஒரு பிழை தலைகாட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்கைவிட 39 மடங்கு. ஆக, எச்சரிக்கை வராததை நம்ப முடியாது. வந்தால் நம்பியே ஆக வேண்டும்.

ஸ்மார்ட்டில் ‘நெடிய சோதனை’ என்று ஒன்று உண்டு. 1 டிபி டிஸ்கில் சில மணி நேரம் ஓடும். பலர் முதல் வேலையாக அதைத் தொடங்கச் சொல்வார்கள். நகல் எடுப்பதற்கு முன் வேண்டாம். சாகப்போகும் டிஸ்கிடம் மிச்சமிருக்கும் மணி நேரங்களை நகலுக்குச் செலவிடுங்கள், பரீட்சைக்கு அல்ல.

நகலெடுக்கும் கருவி குனு டிடிரெஸ்க்யூ. உபுண்டுவில் பொதியின் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஜி’ சேர்ந்திருக்கும். சாதாரண காப்பி ஏன் கூடாது? ஃபைல் ஃபைலாக இழுக்கும்போது, கெட்ட இடத்தில் வந்ததும் டிஸ்க் அதையே திரும்பத் திரும்ப முயன்று, பல நிமிடம் திணறி, சில சமயம் அங்கேயே உயிரை விடும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்யாது. கெட்ட இடம் வந்தால் தாண்டிக் குதித்து, சுலபமாக வருவதை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபட ஃபைலில் குறித்து வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகி நீங்களே நிறுத்தினாலும், அதே வரைபடத்தைக் கொடுத்து மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

1 டிபியைவிடப் பெரிய வெளி டிஸ்க் ஒன்று தேவை. கடன் வாங்குங்கள். அது ஃபேட்32-ஆக இருக்கக் கூடாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. வரைபட ஃபைலையும் அந்த வெளி டிஸ்கிலேயே வையுங்கள். லைவ் யுஎஸ்பியின் மேசையில் வைத்தால் அணைத்ததும் ஆவியாகிவிடும். முதல் சுற்றில் ‘டி’, ‘என்’ ஆகிய இரண்டு தெரிவுகள் போதும்: முதலாவது இடைநிலைத் தற்காலிக நினைவகத்தைத் தவிர்க்கும், இரண்டாவது கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விட்டுவிடும். அதன் பிறகு கட்டளையில் மூன்று பெயர்கள், இந்த வரிசையில்: மூல டிஸ்க், நகலாக உருவாக வேண்டிய ஃபைல், வரைபட ஃபைல். முதல் இரண்டை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லைவ் யுஎஸ்பியில் ஏறியதும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்கள் இடம் மாறியிருக்கலாம். ஆகவே எல்எஸ்பிஎல்கே கட்டளையில் (‘ஓ’ தெரிவோடு ‘நேம்,சைஸ்,மாடல்’ என்று கொடுத்து) அளவையும் மாடல் பெயரையும் பார்த்து, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு என்டர் தட்டுங்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் நான் இந்த இடத்தில் தாளில்தான் எழுதுகிறேன்.

முதல் சுற்று முடிந்து 99 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால், ‘என்’ தெரிவை எடுத்துவிட்டு, மூன்று முறை மறுமுயற்சி செய்யும்படி ‘ஆர்3’ சேர்த்து, அதே மூன்று பெயர்களோடு மறுபடி ஓட்டலாம். இது இரவு முழுக்க ஓடினாலும் ஓடும்.

டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்று சீராகச் சத்தம் வந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள். அது படிக்கும் தலை இடம் தெரியாமல் முட்டுகிற சத்தம். ஒவ்வொரு நிமிட ஓட்டமும் தட்டைக் கீறலாம். அணைத்துவிட்டு, தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்புக்கூடத்துக்குப் போவதுதான் வழி, செலவு கூடுதல் என்றாலும். ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஃப்ரீசரில் மீனை வையுங்கள்.

நகல் ஃபைல் கைக்கு வந்த பிறகு எஃப்எஸ்சிகே-வுக்கு வேலை வருகிறது. ஆனால் அசலில் அல்ல, நகலில். லோசெட்டப் கட்டளையைப் பேரெழுத்து ‘பி’ தெரிவோடு கொடுத்தால் (சிற்றெழுத்து விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு) நகலுக்குள் இருக்கும் பார்ட்டிஷன்கள் தனித்தனி டிஸ்க் போலத் தெரியும். அதன் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். இப்போது ‘ஒய்’ கொடுத்தாலும் பாதகமில்லை. சொதப்பினால் புதிய வரைபட ஃபைலோடு முதலிலிருந்து மறுபடி நகலெடுக்கலாம், டிஸ்க் உயிரோடு இருந்தால். இடம் இருந்தால் நகலுக்கே ஒரு நகல் எடுத்துவிட்டு ஓட்டுவது இன்னும் நல்லது. ‘சூப்பர்பிளாக்’ (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரம் இருக்கும் பிளாக்) படிக்க முடியவில்லை என்று முரண்டு பிடித்தால், 4096 பைட் பிளாக் கொண்ட ஃபைல் சிஸ்டத்தில் அதன் மாற்றுப் பிரதி 32768-ஆம் பிளாக்கில் இருக்கும்; சிற்றெழுத்து ‘பி’ தெரிவோடு அந்த எண்ணைக் கொடுங்கள். முடிந்ததும் ஃபோல்டர்களில் காணாமல் போனவற்றை ‘லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்’ ஃபோல்டரில் தேடுங்கள். பெயர் போய் வெறும் எண்ணாக இருக்கும், உள்ளடக்கம் இருக்கும். எஃப்எஸ்சிகே-வை அசல் டிஸ்கிலேயே ஓட்டி, எண்களாகக் கிடந்த மூவாயிரத்துச் சொச்சம் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பெயரிட்ட அனுபவம் எனக்கு உண்டு. ஒரு தீபாவளி விடுமுறை முழுக்க அதிலேயே போனது. அதுவும் போதவில்லை என்றால் ஃபோட்டோரெக் இருக்கிறது. ஃபைல் சிஸ்டத்தை மதிக்காமல் படங்களின் தலைப்பு அடையாளத்தை வைத்தே தேடி எடுக்கும்.

சரி, ஸ்மார்ட் எண்கள் எல்லாம் பூஜ்யம், டிமெஸ்ஜியிலும் ஐ/ஓ பிழை இல்லை, ஆனாலும் ஃபைல் சிஸ்டம் நான்கு நாளுக்கு ஒரு தடவை குலைகிறது என்றால்? அப்போதும் முதலில் பேக்கப். பிறகு நான் ரேமைச் சந்தேகப்படுவேன். கெட்ட ரேம், தவறான தகவலைச் சரியான செக்டரில் பத்திரமாக எழுதிவைக்கும். டிஸ்கின் மேல் பழி விழும். மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் குச்சி போக வேண்டியதுதான். ரேமும் சரி என்றால் பழைய பவர் சப்ளை.

இதே அறிகுறி இல்லாமல், கணினி வேறு இடத்தில் நிற்கிறது என்று இங்கே வருபவர்களுக்காகக் கொஞ்சம். எந்தப் படியில் நிற்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று நின்றால் லினக்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை. லினக்ஸை ஏற்றிவிடும் க்ரப், தன் மீதிப் பாகங்களைத் தேடிக் காணாமல் நிற்கிறது. பார்ட்டிஷனை அழித்தாலோ இடம் மாற்றினாலோ இப்படி வரும். லைவ் யுஎஸ்பியிலிருந்து க்ரப்பை மறுபடி நிறுவினால் போதும், உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. ‘எமர்ஜென்சி மோட்’ என்று ரூட் கடவுச்சொல் கேட்டால் பெரும்பாலும் எஃப்ஸ்டேப் ஃபைலில் (தொடங்கும்போது மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), இப்போது மாட்டப்படாத ஒரு டிஸ்கைத் தேடச் சொல்லியிருக்கிறீர்கள். லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டுக் கைவிரிக்கும். அந்த வரியில் ‘நோஃபெயில்’ சேர்த்தாலோ, முன்னால் ஒரு ஹேஷ் போட்டாலோ கணினி எழுந்துவிடும். வெளி டிஸ்கைக் கழற்றிய மறுநாள் வரும் கேள்விகளில் முக்கால்வாசி இதுதான்.

அப்டேட் முடிந்த கையோடு ‘கெர்னல் பேனிக்’ வந்து, ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று பூஜ்யம், பூஜ்யம் காட்டினால், பூட் பார்ட்டிஷன் நிரம்பி புதிய கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் அரைகுறையாக நின்றிருக்கலாம். க்ரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு’ வழியாகப் பழைய கெர்னலில் ஏறி, வேண்டாத கெர்னல்களை நீக்கிவிட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரைக்கே திரும்பத் தள்ளினால், கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி டிஎஃப் கட்டளையில் இடம் இருக்கிறதா பாருங்கள். பல சமயம் டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருக்கும். ஒவ்வொரு தடவையும் தேதி பழைய வருடத்துக்கு ஓடிப்போய், சூப்பர்பிளாக்கின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று எஃப்எஸ்சிகே புலம்பினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். டிஸ்கைத் தொட வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 197 பூஜ்யம் இல்லை என்றால், நகல் முடிந்த பிறகு அந்த டிஸ்க்கை ஃபார்மட் போட்டு மறுபடி பயன்படுத்தலாமா என்று நண்பர் கேட்பார். சினிமா போட்டு வைக்க என்றால் சரி, ஆய்வேட்டுக்கு வேண்டாம். ஒரு எஸ்எஸ்டி வாங்கி உபுண்டுவைப் புதிதாக ஏற்றி, நகலிலிருந்து ஃபைல்களை மட்டும் எடுத்துப் போடுங்கள். டிஸ்கை அப்படியே குளோன் செய்தால் பழையதும் புதியதும் ஒரே யுயுஐடி-யை (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) சுமக்கும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் எதிலிருந்து பூட் ஆகிறது என்று உங்களுக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது. எஸ்எஸ்டி இப்படி முனகிக்கொண்டு சாகாது, பல சமயம் ஒரே நாளில் பேச்சுமூச்சு நின்றுவிடும். ஆகவே பணம் கொடுக்கும்போதே ஒரு வெளி டிஸ்க்கையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

முதலில் லைவ் யுஎஸ்பியில் ஏறி அந்த 5, 197, 198, 199 எண்களையும், டிமெஸ்ஜி படத்தையும் அனுப்புங்கள். கேபிளா, டிஸ்க்கா என்பதை அதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். அதுவரை கணினி அணைந்தே இருக்கட்டும்.